அனந்து சார் மீது மூன்றாவது புகார்

மதுரை வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆடுகிற எல்லோருக்கும் அனந்தபத்மநாபனைத் தெரியும். தெரிந்த எல்லோருக்கும் அவர்மேல் சந்தேகம் உண்டு. மேலூர்க்காரர்கள் அவரை உசிலம்பட்டி ஆள் என்பார்கள். உசிலம்பட்டிக்காரர்கள் மேலூர் ஆள் என்பார்கள். டவுன் அணிகள், 'ரெண்டு ஊருக்கும் ஆளுதான்' என்று முடித்துவிடுவார்கள். வேறு எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இருபது அணிகள் ஒரே ஒரு மனிதரைப் பற்றி ஒரே அபிப்பிராயம் வைத்திருப்பது லேசுப்பட்ட சாதனை அல்ல.

அவர் நடுவர். ஐம்பத்தோரு வயது. பழங்காநத்தத்தில் வீடு. பிறப்பு இறப்புச் சான்றிதழ் கொடுக்கிற ஓர் அலுவலகத்தில் உத்தியோகம். அங்கே அவர் எழுதிவைத்தால் மட்டும் ஒருவர் பிறந்ததாகிவிடாது. மேலதிகாரி கையெழுத்துப் போட வேண்டும், அவர் லீவில் இருந்தால் குழந்தை காத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்படி இல்லை. அனந்து சார் விசிலை ஊதிக் கோல் என்றால் கோல்தான். மேலே அனுப்ப வேண்டியதில்லை. வாரத்தில் அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மற்ற நாட்களை அவர் பொறுத்துக்கொண்டார் என்று அவரே ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் அவர் விசிலைக் கழுவித் துடைத்து ஜன்னலோரம் காயவைப்பதைப் பார்த்தவர்கள் வேறு முடிவுக்கு வர முடியாது.

ஆரம்பத்தில் அவர் மனைவி ஜானுவுக்கும் சந்தேகம் இருந்தது. வீட்டில் நாலு முழ வேஷ்டியில் இருக்கிற மனுஷன், ஞாயிறு விடியற்காலை கறுப்பு அரைக்கால் சட்டையும் முழங்கால் வரை காலுறையும் மாட்டிக்கொண்டு, நெற்றியில் விபூதியோடு மொபெட்டில் கிளம்பினால் எந்தப் பெண்தான் நம்புவாள். ஒரு நாள் ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போய் வேப்பமரத்தடியில் நின்று பார்த்தாள். இருபத்திரண்டு பேர் சுற்றி நின்று அவருடைய பார்வை, பிறப்பு, வளர்ப்பு ஆகிய மூன்றையும் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஜானு நிம்மதியாக வீடு திரும்பினாள்.

"ஏன்னா, வேற எங்கயாவது போறேளோன்னு நெனச்சேன்" என்றாள் அன்று மத்தியானம், சாதம் போட்டுக்கொண்டே. "அங்க நடக்கறதைப் பாத்தா நம்மாத்துல உங்களுக்கு எவ்வளவோ மரியாதை."

அவர்மேல் ஊருக்கு இருந்த சந்தேகத்துக்குச் சற்றும் குறையாமல் அவருக்கும் ஊர்மேல் இருந்தது. மைதானத்தில் யார் கொடுத்தாலும் டீ குடிக்க மாட்டார். இளநீர் என்றால் இரண்டடி பின்வாங்குவார். வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீரும் டப்பாவில் எலுமிச்சை சாதமும் வரும். மொபெட்டை இரண்டு அணிகளுக்கும் சரியாக நடுவில் நிறுத்துவார். ஒரு தடவை நிழல் நகர்ந்து வண்டி ஒரு பக்கத்து மரத்தடியில் சேர்ந்துவிட, அரைமணி நேரம் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. டாஸ் போடும் காசை இரண்டு கேப்டன்களும் வாங்கிப் புரட்டிப் பார்ப்பார்கள். திருமங்கலம் கேப்டன் ஒருவர் அதைக் கடித்தும் பார்த்திருக்கிறார்.

சூடான ஆட்டக்காரர்களை அவர் சமாளித்த விதம் அலுவலகத்தில் கற்றது. சான்றிதழ் கேட்டு வருகிறவர்களும் கத்திக்கொண்டுதான் வருவார்கள். ஒருவன் மார்பை நிமிர்த்திக்கொண்டு மூஞ்சிக்கு நேரே வந்தால், அனந்து சார் உடனே அட்டையை எடுப்பதில்லை. பையிலிருந்து சின்ன நோட்டை எடுப்பார். கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். "பேரு? அப்பா பேரு? ஊரு? சொந்த ஊரே அதுதானா, இல்ல பொழைக்க வந்ததா?" என்று நிதானமாகக் கேட்டு, ஒவ்வொன்றையும் எழுதுவார். நம் ஆட்கள் எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் ஊர் பேரைத் தப்பாக எழுதிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருப்பார்கள். "அது இல்ல சார், அதுக்கு அடுத்த ஊரு" என்று குனிந்து நோட்டைப் பார்ப்பார்கள். குனிந்தவனால் கத்த முடியாது. முப்பது வினாடியில் ஆள் ஆறிவிடுவான். சட்டப்புத்தகத்தில் இந்த முறை இல்லை. ஆனால் இருபத்தொரு வருடத்தில் அவர் கையில் ஓர் ஆட்டமும் பாதியில் நின்றதில்லை.

இதை எதிரணி எப்படிப் பார்க்கும் என்பதுதான் சிக்கல். 'எங்க ஆளை அவன் உதைச்சான், இவரு அவங்கிட்ட அப்பன் பேரை விசாரிச்சு உறவாடுறாரு.'

வட்டாரக் கால்பந்துச் சங்கத்துக்கு ஒரு விதி இருக்கிறது. தோற்ற அணி என்று எழுதினால் அசிங்கமாக இருக்குமென்று, 'எந்த அணியும்' மூன்று நாளுக்குள் நடுவர்மேல் புகார் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். புகார் பதிவானால் அந்த ஆட்டம் செல்லாது, திரும்ப ஆட வேண்டும். ஒரு நடுவர்மேல் மூன்று புகார் பதிவானால் அவர் விசிலை ஒப்படைத்துவிட வேண்டும். புகார் உண்மையா பொய்யா என்பதைப் பற்றி விதியில் ஒரு வார்த்தையும் கிடையாது. அதை விசாரிக்கப் போனால் சங்கமே இருக்காது என்று விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அனந்து சார்மேல் அதுவரை இரண்டு புகார். ஒன்று, இடைவேளையில் எதிரணிப் பயிற்சியாளரோடு சிரித்தார். கோல் வலையை ஆடு தின்றுவிட்டது என்று அந்தப் பயிற்சியாளர் சொன்னபோது யாராயிருந்தாலும் சிரித்திருப்பார்கள். இரண்டாவது, கடிகாரத்தை ஒருதலைப்பட்சமாகப் பார்த்தார். இதற்கு விளக்கம் சொல்ல அவராலும் முடியவில்லை, புகார் கொடுத்தவராலும் முடியவில்லை. இன்னொன்று வந்தால் ஞாயிற்றுக்கிழமையும் அவர் வீட்டில்தான். இந்த நிலையில் இந்த வருட இறுதி ஆட்டம் வந்தது. மேலூருக்கும் உசிலம்பட்டிக்கும்.

நாகமலைப் பக்கம் பொதுவான ஒரு மைதானம். காலை ஏழு மணி. அனந்து சார் கோல் வலையில் ஆடு தின்ற இடம் ஏதாவது இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மேலூர் அணியின் மேனேஜர் அழகுராஜா வந்து நின்றார். மேலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் டூவீலர் பாகங்கள் விற்கிறவர். எந்தச் சாமானையும் டூப்ளிகேட்டா ஒரிஜினலா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் பழக்கம் மனிதர்கள் விஷயத்திலும் தொற்றிக்கொண்டிருந்தது.

"சார், ஒரு நிமிசம்" என்று போனை நீட்டினார். "இது யாரு?"

அனந்து சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். ஒரு காதணி விழா பிளெக்ஸ் போர்டு. நடுவில் குழந்தை. சுற்றிப் பதினெட்டு முறுக்கு மீசைகள். அவற்றுக்கு மத்தியில் ஒரு மூக்குக்கண்ணாடியும் விபூதியும்.

"நான்தான்" என்றார்.

"எங்க இருக்கீங்க?"

"தெரியலையே."

"உசிலம்பட்டியில இருக்கீங்க சார். அவங்க கேப்டன் காளை இருக்கான்ல, அவன் மக காதுகுத்துல. தாய்மாமனுக்கு அடுத்த படம் நீங்க."

அனந்து சார் இன்னொரு தடவை பார்த்தார். தலை அவருடையதுதான். சங்கத்து வாட்ஸப் குழுவில் போட்டிருந்த படம். ஆனால் கழுத்துக்குக் கீழே பளபளக்கும் வெள்ளைச் சட்டை போட்டு, கைகூப்பி நின்ற உடம்பு வேறு யாருடையதோ. மணிக்கட்டில் தங்கக் காப்பு. இருபத்தொரு வருடமாகத் தன்னைப் பற்றி ஊர் சொன்ன எதையும் நம்பாதவருக்கு முதல்முறையாகத் தன்மேலேயே லேசாகச் சந்தேகம் வந்தது.

"அந்தக் காதுகுத்துக்கு நான் போகவே இல்ல அழகுராஜா."

"போகாதவருக்கே படம் போட்டுருக்கான். போயிருந்தா செலையே வச்சிருப்பான் போல."

"அவா எனக்கு உறவும் இல்ல."

"அதான் சார் இடிக்குது. உறவா இருந்தா விட்ருவேன். மாமன் மச்சானுக்கு விசில் ஊதுறது ஊருல நடக்குறதுதான். உறவும் இல்ல, போகவும் இல்ல, படம் மட்டும் இருக்குன்னா, அது சும்மாவா வரும்?"

காளையைக் கூப்பிட்டார்கள். பால்வண்டி ஓட்டுகிறவன், முப்பது வயது, கோபம் முன்னால் வந்து ஆள் பின்னால் வருகிற ரகம். போனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நல்லா வந்துருக்காண்ணே? ரெண்டு வருசம் முன்னாடி பதினெட்டாவது நிமிசத்துல எனக்கு ரெட் கார்டு குடுத்தாருல்ல. கொடிக்கம்ப ஒடச்சேன்னு. வெளிய வந்து ஒக்காந்து போன எடுத்துப் பாக்குறேன், ஏழு மிஸ்டு கால். பாண்டீஸ்வரிக்கு வலி வந்துருச்சு. ஒரே ஓட்டம். ஆஸ்பத்திரிக்குள்ள நான் போறேன், புள்ள பொறக்குது. முழு ஆட்டம் ஆடியிருந்தா எம்மக மொத மொகத்தப் பாத்துருக்க மாட்டேன். அதான் போட்டேன். சொன்னா வேணாம்பாருன்னு சொல்லல."

அழகுராஜா அவனை மேலும் கீழும் பார்த்தார். "ரெட் கார்டு குடுத்தவருக்கு பிளெக்ஸு. ஏன் மாப்ள, நான் அம்புட்டுக் கேனயனாவா தெரியுறேன்?"

உலகத்தில் சில உண்மைகள் இப்படித்தான், பொய்யை விட மோசமாகத் தயாரிக்கப்பட்டிருக்கும். அனந்து சார் அதற்கு மேல் வாதாடவில்லை.

"புகார் எழுதுங்கோ" என்றார். "இப்பவே கொடுத்தா வேற நடுவரைக் கூப்பிடணும். அவர் வர்றதுக்குள்ள வெயில் ஏறிடும், பசங்க சுருண்டுடுவாங்க. முடிஞ்சப்புறம் மூணு நாள் டயம் இருக்கு."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறாரே என்று அழகுராஜாவுக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும் வெயிலைப் பற்றிச் சொன்னதில் குற்றம் காண முடியவில்லை. ஒரு தாளில் புகாரைப் பாதி எழுதி, மீதியை ஆட்டம் எழுதட்டும் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போனை வீடியோவில் போட்டு, பந்தை விட்டுவிட்டு நடுவரையே படம் பிடிக்கும்படி ஓர் ஆளை நிறுத்தினார்.

எண்பத்துமூன்று நிமிடம் வரை ஆளுக்கு ஒரு கோல். எண்பத்துநாலாவது நிமிடம் மேலூர் ஃபார்வர்டு சூரியபிரகாஷ் பந்தோடு பெனால்டி கட்டத்துக்குள் நுழைந்தான். பின்னாலிருந்து காளை அவன் பனியனைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். துணி கிழிகிற சத்தம் சாலையில் போன பஸ் வரைக்கும் கேட்டிருக்கும்.

அனந்து சார் ஊதினார். மேலூருக்குப் பெனால்டி.

மூன்றாவது புகார் எந்தப் பக்கம் கை நீட்டினாலும் கிடைக்கும் இடத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. கொடுக்காவிட்டால் மேலூர். கொடுத்தால் உசிலம்பட்டி. காளை காளையாகவே வந்தான், கழுத்து நரம்பு புடைக்க. அவன் பின்னால் ஒன்பது பேர். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற உசிலம்பட்டி ஆட்கள் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார்கள்.

அனந்து சார் நோட்டை எடுத்தார்.

"பேரு?"

"எம்பேரு ஒங்களுக்குத் தெரியாதா? என்ன சார் வெளையாடுறீங்களா?"

"எழுதணும்ல. அப்பா பேரு?"

"மொக்கைச்சாமி. சார், நான் தொடவே இல்ல சார்."

"பொண்ணு பேரு என்ன வச்சே?"

"முத்துச்செல்வி. தொடவே இல்ல சார்."

"பிறப்புச் சான்றிதழ்ல பேரு ஏத்தியாச்சா? நெறைய பேர் பேரில்லாமலே வாங்கிட்டுப் போயிடறா. பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப அலையணும்."

காளை குனிந்து நோட்டைப் பார்த்தான். "இன்னும் ஏத்தல சார்" என்றான், பாதிக் குரலில்.

"பண்ணிடு. இப்ப உனக்கு மஞ்சள் அட்டை. உள்ள வந்திருக்கறவாளைக் கோட்டுக்கு அந்தாண்ட கொண்டுபோய் விட்டுட்டு வா. நான் சொன்னா கேக்க மாட்டா, நீ சொன்னாத்தான் கேப்பா."

கையில் ஒரு வேலை கொடுக்கப்பட்டவன் அப்புறம் கலகம் செய்ய முடியாது. காளை திரும்பி, "ஏய், வெளிய போங்கடா எல்லாரும், ஆட்டம் நடக்குறது தெரியல?" என்று தன் ஆட்களையே விரட்டினான். சூரியபிரகாஷ் கிழிந்த பனியனோடு பெனால்டி அடித்தான். இரண்டுக்கு ஒன்று. மேலூருக்குக் கோப்பை.

ஆட்டம் முடிந்ததும் உசிலம்பட்டிப் பெரியவர் ஒருவர் காளையிடம் பேப்பரும் பேனாவும் நீட்டினார். கேப்டன் கையெழுத்துப் போட்டால்தான் புகார் செல்லும். காளை உள்ளங்கையை விரித்துக் காட்டினான். விரலிடுக்கில் நீல நிற நூல் ஒட்டியிருந்தது.

"அவன் பனியன் நூலு. நான் என்னத்த எழுதுறது?" என்று சொல்லிவிட்டு பால்வண்டிக்குப் போய்விட்டான்.

வேறு ஊராக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும்.

கோப்பை அழகுராஜாவின் மேலூர் கடையில் கண்ணாடி அலமாரிக்குள் ஏறியது. பஸ் ஸ்டாண்ட் எதிரே முப்பத்திரண்டு முகங்களோடு வெற்றி பிளெக்ஸ் எழுந்தது. எல்லோரும் ஸ்வீட் சாப்பிட்டார்கள். அழகுராஜாவுக்கு மட்டும் இறங்கவில்லை. திங்கட்கிழமை முழுக்க அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பெனால்டி கொடுத்த நடுவரும் பெனால்டிக்குக் காரணமான கேப்டனும் ஏதோ குடும்ப விஷயம் பேசுகிறார்கள். கேப்டன் ஆறிப்போய்த் தலையாட்டுகிறான். தோற்ற பிறகும் உசிலம்பட்டியிலிருந்து ஒரு முணுமுணுப்பு இல்லை. கடைசி ஆறு நிமிடத்தில் பெனால்டியில் தோற்றவன் சும்மா போகிறான் என்றால், இதை விடப் பெரிய சந்தேகம் உலகத்தில் உண்டா?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் பழங்காநத்தத்தில் டாக்டர் கிரிதரின் பல் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கிரிதர் சங்கத்தின் செயலாளர். சங்கத்துக்குத் தனிக் கட்டடம் இல்லாததால் நோயாளிகள் உட்காரும் நாற்காலிகள்தான் அலுவலகம். அனந்து சாருக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் அலுவலகத்திலிருந்து நேரே வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் விசில். ஒப்படைக்க வேண்டிவந்தால் அதற்காக இன்னொரு நடை வர வேண்டாமே என்று எடுத்துவந்திருந்தார். ஒரு கை அந்தப் பையின்மேலேயே இருந்தது. பக்கத்து நாற்காலியில் கன்னத்தில் பஞ்சோடு சின்னத்தாய் என்றொரு அம்மாள், கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டு, ரத்தம் நிற்கக் காத்திருந்தாள்.

கிரிதர் புகாரை உரக்கப் படித்தார். "'தோல்வியடைந்த அணியினர் பெனால்டியை எதிர்த்து எவ்வித ஆட்சேபமும் தெரிவிக்காதது பலத்த சந்தேகத்துக்கு இடமளிக்கிறது. நேர்மையான ஆட்டமாக இருந்தால் கண்டிப்பாகத் தகராறு ஏற்பட்டிருக்கும்.'"

தாளை இறக்கினார். "ஜெயிச்சது யாரு?"

"நாங்க" என்றார் அழகுராஜா.

"பெனால்டி யாருக்குக் குடுத்தாரு?"

"எங்களுக்கு."

"புகார் குடுக்குறது?"

"நாங்கதான். இந்தா, கேப்டன் கையெழுத்து."

சின்னத்தாய் பஞ்சை மறு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு நாற்காலியை நெருக்கிப் போட்டாள்.

கிரிதர் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "அழகுராஜா, பதிஞ்சா ஆட்டம் செல்லாது. கோப்பை இங்க வரணும். திரும்ப ஆடணும். ஜெயிச்சவங்க இதுவரைக்கும் புகாரே குடுத்ததில்ல, அதனால யாரும் இதை யோசிக்கல."

அழகுராஜா இதை எதிர்பார்க்கவில்லை. அலமாரியும், பிளெக்ஸும், அதிலிருக்கிற முப்பத்திரண்டு முகங்களும் அவர் கண்முன் வந்து போயிருக்க வேண்டும். "கோப்பை எங்ககிட்டயே இருக்கட்டும். அவர்மேல மட்டும் பதிங்க" என்றார்.

"அப்பிடி விதி இல்ல."

உள்ளே ஒரு மிஷின் கிர்ரென்று ஓடி நின்றது. அனந்து சார் எழுந்தார். கெஞ்சவோ கத்தவோ செய்வார் என்றுதான் கிரிதர் நினைத்தார்.

"பதிஞ்சுடுங்கோ டாக்டர்" என்றார் அனந்து சார். "அவர் மனசுல சந்தேகம் இருக்கு. சந்தேகத்தோட கோப்பையை வச்சிண்டிருந்தா அவருக்குத் தூக்கம் வராது. வர்ற ஞாயித்துக்கிழமையே திரும்ப ஆடட்டும். வேற நடுவரைப் போடுங்கோ. உசிலம்பட்டியில போன வாட்டி ரெண்டு பேருக்கு காய்ச்சல், வெளில உக்காந்திருந்தா. இப்போ தேறியிருப்பா. காளைக்கும் ஒரு வாரம் ஓய்வு கிடைச்ச மாதிரி." சொல்லிவிட்டுப் பையிலிருந்து விசிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். வைத்த பிறகும் ஒரு விரல் விசிலை விட்டு நகரவில்லை. அதைச் சின்னத்தாய் மட்டும் பார்த்தாள். அவளால் பேச முடியாது.

அழகுராஜா விசிலைப் பார்த்தார். அனந்து சாரைப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்து ஒரிஜினலா என்று பார்க்கிற அதே பார்வை. முகத்தில் மெதுவாக ஒரு தெளிவு வந்தது.

"இவரு ஏன் பதியச் சொல்றாரு?" என்று கிரிதரைக் கேட்டார்.

"தெரியல."

"எனக்குத் தெரியுது. மறு ஆட்டம் வச்சா காய்ச்சக்காரனுக ரெண்டு பேரும் வந்து நிப்பானுக. கோப்பை உசிலம்பட்டிக்குப் போகும். விசிலைக் குடுத்துட்டு கோப்பையை வாங்கித் தாராரு. இதுதானா சங்கதி?" தாளைக் கிரிதர் கையிலிருந்து உருவிக்கொண்டார். "நான் வாபஸ் வாங்குறேன். எங்க எழுதணும்?"

கிரிதர் இடத்தைக் காட்டினார். 'திரும்பப் பெறுகிறேன்' என்று எழுதி, அழகுராஜா இரண்டு தடவை அடிக்கோடிட்டார். அனந்து சார் விசிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அவர் உண்மையாகவே ஒப்படைக்கத் தயாராக இருந்தாரா, இல்லை மனிதரின் சுபாவம் தெரிந்து ஓர் ஆட்டம் ஆடினாரா என்று கிரிதருக்கு இன்றுவரை சந்தேகம். கேட்டால் அனந்து சார் கண்ணாடியைத் துடைக்கிறார்.

வெளியே மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து எடுக்கும்போது அழகுராஜா பின்னாலேயே வந்தார்.

"சார், அடுத்த மாசம் மேலூர்ல நாங்க டோர்னமென்ட் வைக்கிறோம். நீங்கதான் ஊதணும்."

அனந்து சார் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றார். "ஏன், உங்களுக்கு என்மேல சந்தேகமாச்சே?"

"ஆமா. இல்லேன்னு சொன்னேனா?" என்றார் அழகுராஜா. "ஆனா ஒங்க மேல என்ன சந்தேகம்னு எனக்கு நல்லாத் தெரியும். புதுசா ஒருத்தன் வந்தா, மொதல்லருந்து ஆரம்பிக்கணும்ல சார்."

அனந்து சார் சற்று யோசித்தார். அதில் நியாயம் இருப்பதாகவே பட்டது.

"தேதி சொல்லுங்கோ" என்றார்.